நிறம் ஏறட்டும்

எங்கள் சொந்தத்தில் பெண் கேட்டு வருகிறவர்களிடம் 'இல்லை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் எந்த முகத்தோடு எதிரெதிரே இலை போட்டு உட்காருவது? அதனால் 'ஆவணி கழியட்டும்' என்பார்கள். 'பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கணும்' என்பார்கள். அந்தப் பெரியவர் செத்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். வந்தவர்களும் புரிந்துகொண்டு, காப்பியைக் குடித்து, இந்த வருஷம் சாரல் எப்படி என்று நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

1957 தை மாதம் பிச்சம்மாள் அத்தை தென்காசிக்கு அடுத்த மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அப்பாவின் அக்காள். தன் மகன் நம்பிராஜனுக்கு என்னைக் கேட்டு வந்தாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, அத்தானுக்கு இருபத்து மூன்று. என் அம்மா தங்கத்தாய் வெற்றிலைத் தட்டை அத்தையின் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னாள்.

"தாறதுக்கு என்ன மயினி, முறைப் பொண்ணுதான? மருமவனுக்குக் கொஞ்சம் நிறம் ஏறட்டும், பாப்போம்."

அத்தைக்குப் புரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அடுப்படியில் நின்ற எனக்கும் புரிந்தது. வாசல் வேப்பமரத்தடியில் நின்ற நம்பி அத்தானுக்கும் அது கேட்டது.

நம்பி அத்தான் நிறமே இல்லாமல் பிறந்தவர். தோல் வெள்ளை, தலைமுடி வெளுத்த தேங்காய் நார், இமை முடிகூட வெள்ளை. வெயிலில் கண் கூசும். எதிரே வருவது ஆளா மாடா என்று நாலடிக்குள் வந்தால்தான் தெரியும். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகியும் மேலகரத்தில் அவருக்குப் பெயர் 'தொரை'. "ஏலே தொரை, கப்பலைக் கோட்டை விட்டுட்டியாலே?" என்று கேட்பது எங்கள் ஊர் இளவட்டங்களுக்குப் பல் தேய்ப்பது போல. தினம் செய்தாக வேண்டும்.

கண்ணுக்குப் பதிலாக அவர் காதை வைத்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லாரையும் குரலை வைத்தே தெரியும். நான் தெருவில் யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினால் போதும், நாலு வீடு தள்ளி இருந்து, "என்னட்டி வள்ளி, இன்னைக்கு ஜலதோஷமா?" என்பார். என் முகத்தை அழகு என்று சொன்னவர்கள் அப்புறம் இரண்டொருவர் இருந்திருக்கிறார்கள். என் தொண்டை கட்டியிருப்பதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவர் வேண்டும் என்று இருந்தது. இதை இப்போது எழுதக் கூச்சமாக இல்லை. அப்போது சொல்லத்தான் வாய் வரவில்லை.

மாசி பாதியில் பிசான நெல் அறுப்பு தொடங்கியது. சிற்றாற்றுக் கரையில் களத்தில் நெல் காயப் போட்டிருந்தார்கள். உச்சி வெயிலில் களத்துக் காவலுக்கு யாரும் முன்வர மாட்டார்கள். அத்தான் வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் களத்து நடுவில் நின்றார். மூன்று நாளில் முதுகு செம்பருத்தியாகச் சிவந்தது. ஒரு வாரத்தில் தோல் உரிந்தது.

"நெல்லோட நெல்லா தொரையும் காயுதான்" என்று ஊரே சிரித்தது.

நான் வீட்டுக்குள் இருந்தேன். சித்திரையில் என்னைப் பார்க்கப் புளியங்குடியிலிருந்து வருவதாகப் பேச்சு. அம்மா எனக்குத் தினமும் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் பூசி, "வெயில்ல தலையைக் காட்டுன, காலை முறிச்சிருவேன்" என்று சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்காக வெயிலுக்கு ஒளிகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கல்யாணத்துக்காக வெயிலைத் தேடிப் போய் நின்றவர் எங்கள் அத்தான் ஒருவர்தான். அம்மா சொன்ன அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

பங்குனி பிறந்ததும் பிச்சம்மாள் அத்தை ஒருநாள் காலையில் வந்து, அத்தானின் வலது காதில் புண் ஒன்று ஆறாமல் கிடக்கிறது, தென்காசிக்குக் கூட்டிப் போக வேண்டும், டாக்டர் சொல்வது தனக்கு விளங்காது, வள்ளித்தாயை அனுப்பு என்று கேட்டாள். அப்பா பரமசிவன் போலீஸ் ஏட்டு. ஸ்டேஷனில் அவர் அதட்டுவார், வீட்டில் அம்மா அதட்டுவாள். அன்றைக்கு மட்டும் அதிசயமாக, "போயிட்டு வரட்டும்" என்றார்.

தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் ஞானதுரை டாக்டரின் வீடு. டாக்டர் காதைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அத்தானைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, மத்தவங்களுக்கு ஆண்டவர் தோலுக்கு மேல ஒரு கூரை வேஞ்சு அனுப்பியிருக்கார். உனக்கு வேயல. நீயாத்தான் வேஞ்சுக்கிடணும். காதுல கொஞ்சம் வெட்டி எடுத்துருதேன். இன்னும் ரெண்டு கோடை இப்படி நின்னேன்னு வையி, வெட்டுததுக்கு நான் இருப்பேன், நீ இருக்க மாட்ட."

"வெயில்ல நின்னா நிறம் ஏறாதா டாக்டர்?"

"எல்லாருக்கும் ஏறும். உனக்கு ஏறாது. சிவக்கும், உரியும், புண்ணு வரும். அதுதான் உனக்கு."

டாக்டர் சொன்ன கூரை ஒவ்வொன்றுக்கும் அத்தானிடம் பதில் இருந்தது. குடை பிடிக்கச் சொன்னார். சாரலுக்குத்தான் குடை, மழையில்லாமல் குடை பிடித்துப் போனால் மாப்பிள்ளை ஊர்வலமா என்று கேட்பார்கள் என்றார். துண்டைத் தலையிலிருந்து கழுத்துவரை மூடச் சொன்னார். தலையில் துண்டு போட்டுக்கொண்டு போனால் இவன் எதில் மூழ்கிப் போனான் என்று விசாரிப்பார்கள் என்றார். கடைசியில் டாக்டர் சுவரில் மாட்டியிருந்த தன்னுடைய தொப்பியை எடுத்து நீட்டினார். வெள்ளைக்கார அதிகாரிகள் போடுகிற அகலமான பழைய தொப்பி. அதைப் பார்த்து அத்தான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஏற்கனவே தொரை. தொப்பி ஒண்ணுதான் டாக்டர் குறைச்சல்."

காதில் கட்டோடு, தொப்பியைக் கையில் தொங்கப் போட்டுக்கொண்டு, தென்காசியிலிருந்து மேலகரம் வரைக்கும் வெறுந்தலையோடு நடந்து வந்தார். வீட்டில் ஆணியில் மாட்டினார். மறுநாள் பதினொரு மணிக்குக் களத்துக்குப் போய்விட்டார்.

அன்று முழுவதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மாவின் மேல், ஊர் மேல், அந்தக் கூறுகெட்ட மனிதர் மேல். இல்லை என்பதை இல்லை என்று சொல்லித் தொலைக்காத எங்கள் சொந்தத்தின் மேல். யாராவது ஒருவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவர் நிழலுக்குப் போவார். எனக்கு இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் அதோடு போய்விடும். போனால் போகிறது, ஆள் இருந்தால் போதும் என்று அன்று மனசு தீர்மானித்துக்கொண்டது.

மறுநாள் அம்மா சாப்பிட்டுக் கண் அயர்ந்ததும் களத்துக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நெல்லுக்கு நடுவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். தோளில் புதுத் தோல், பிறந்த குழந்தையின் தோல் மாதிரி.

"அத்தான், அம்மா அன்னைக்குச் சொன்னதுக்கு அர்த்தம் 'இல்லை'ன்னுதான். நிறம் ஏறுனாலும் தர மாட்டாவ. நீங்க இங்கன நின்னு ஒரு பிரயோசனமும் இல்ல."

ஒருமூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்ட்டி."

"தெரியுமா? தெரிஞ்சா எதுக்கு நிக்கிய?"

"இல்லைன்னு சொன்னா அன்னைக்கே முடிஞ்சு போச்சில்ல வள்ளி? நிறம் ஏறட்டும்னு சொன்னா, அதுக்காவ நிக்கதுக்கு ஒரு இடமாவது இருக்குல்லா."

டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னேன். அத்தை படுகிற பாட்டைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார், இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. உயிர் போகும் என்று சொல்லி அவரை நகர்த்த முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த உயிரை என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

சேலை முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் இறங்கி, அவருக்கு நாலடி தள்ளி நின்றேன்.

"என்னட்டி செய்யுத?"

"நிக்கேன்."

"ஏட்டி, ஒன்னைப் பொண்ணு பாக்க வாராவ. கறுத்துப் போயிருவே."

"கறுக்கட்டும். நீங்க எப்பப் போறியளோ அப்பப் போறேன்."

முதல் நாள் அவர் சிரித்தார். இரண்டு மணி வரைக்கும் இரண்டு பேரும் நின்றோம். இரண்டாம் நாள் திட்டினார். நான் பாட்டுக்கு நின்றேன். மூன்றாம் நாள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தடுமாறிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். நாலு எட்டில் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர் மாதிரி பேச ஆரம்பித்தார்.

"நான் பத்தடி போறேன். நீ பத்தடி வா."

"மரத்தடி வரைக்கும்."

"சரி, வேலி வரைக்கும்."

"மரத்தடி."

களத்து ஓரத்தில் ஒரு புளியமரம். அதன் நிழலுக்குள் இருவரும் ஒன்றாகத்தான் கால் வைத்தோம். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். காற்றுப் பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அங்கேயே இருந்துவிடலாம் என்று இருந்தது. அம்மா எழுந்து தேடட்டும், புளியங்குடிக்காரர்கள் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகட்டும், இந்த நிழலில் இப்படியே இருந்துவிடலாம்.

"அத்தான், நான் வந்துருதேன். யாரும் தர வேண்டாம், நானா வாறேன்."

அவர் கீழே கிடந்த புளியம்பழம் ஒன்றை எடுத்து ஓட்டை உடைத்தார்.

"ஒங்கம்மா சொன்னதுல தப்பில்ல வள்ளி. நாளைக்கு ஒரு பிள்ளை பொறக்கும். அதையும் தொரைன்னு கூப்பிடுவானுவ. அது வந்து எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்ல?"

நிறம் இல்லாமல்தான் பிறக்குமா என்று ஞானதுரை டாக்டரிடம் நான் அன்றைக்கே கேட்டிருக்கலாம். வெட்கம், கேட்கவில்லை. வெகுநாள் கழித்துக் கேட்டேன். "பிறக்கலாம்மா, பிறக்காமலும் இருக்கலாம்" என்றார். அந்தப் 'பிறக்காமலும் இருக்கலாம்' எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும். பிறந்திருந்தாலும்தான் என்ன, ஒரு தொப்பிக்குப் பதில் இரண்டு தொப்பி வாங்கியிருப்பேன்.

அன்று மரத்தடியில் நான் ஒன்றுதான் கேட்டு வாங்கினேன்.

"இன்னைக்கு மட்டும் இல்ல. நாளைக்கு, அடுத்த வருஷம், எப்பவும். நீங்க வெயில்ல நிக்கியன்னு தெரிஞ்சா, நான் எங்கன இருந்தாலும் நடு வெயில்ல போய் நிப்பேன். இது சத்தியம்."

"எனக்கு எப்படிட்டி தெரியும், நீ நிக்கியா இல்லையான்னு?"

"தெரியாது. அதனாலதான் நீங்க நிக்கப்படாது."

அவர் மரத்துக்கு அந்தப் பக்கம் சிரித்தார். சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் தொப்பி ஆணியைவிட்டு இறங்கியது. தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக அத்தான் தெருவில் வந்தபோது ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. "தொரை வாராரு, தொரை வாராரு" என்று ஒரே கூச்சல். அத்தான் நின்று, தொப்பியைத் தொட்டு, எல்லாருக்கும் "குட் மார்னிங்" சொல்லிவிட்டுப் போனார். மாடன் என்று ஒருத்தன், கேலியில் எப்போதும் அவன்தான் முதல் ஆள், அவன்கூடப் பதிலுக்குக் "குட் மார்னிங்" சொல்லிவிட்டான். பத்து நாளில் கூச்சல் அடங்கியது. களத்துக் காவலை விட்டுவிட்டு, தென்காசியில் ஒரு மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார்.

என் கல்யாணத்துக்கு மாவு திரிக்க அம்மாவோடு அந்த மில்லுக்குப் போனேன். உள்ளே நாலைந்து ஆட்கள். தலை, புருவம், மூக்கு, கை எல்லாம் மாவு. எல்லாரும் வெள்ளை. அதில் அத்தான் யார் என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை. அங்கே அவரை யாரும் தொரை என்று கூப்பிடவில்லை. அம்மா திரும்பும் வழியெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மாவு விழுந்துவிட்டது என்றாள்.

ஆமாம், கல்யாணம் நடந்தது. மூன்று நாள் வெயிலில் என் முகம் புகை பிடித்த சட்டியாகிவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு கடலை மாவை இரண்டு மடங்காக்கினாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், இந்த முகத்தைப் பார்த்துப் புளியங்குடிக்காரர்கள் 'ஆவணி கழியட்டும்' என்று சொல்லிவிடுவார்கள் என்று. வந்த மாப்பிள்ளை வேல்சாமி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எலுமிச்சைத் தோட்டத்துல நிக்கப் போறவளுக்கு நிறம் எதுக்கு? எனக்குச் சம்மதம்" என்றார். நல்ல மனிதர். இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணம்கூட அவர் தரவில்லை, என்ன செய்ய?

ஒன்பது வருஷம் போய்விட்டது. அத்தானைப் பற்றி ஊர்க்காரர்கள் சொல்லித்தான் கேள்வி. மில்லில்தான் இருக்கிறார். வேறு புண் எதுவும் வரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்தில் பழம் பறிக்கும்போது உச்சி வெயில் ஏறினால் நான் மரத்தடிக்கு வந்துவிடுவேன். உழைப்புக்குப் பயப்படுகிறாள் என்று என் மாமியாருக்கு ஒரு குறை.

1966 ஆடியில் குற்றாலத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டு பேரும் பேரருவியில் குளித்தது போதாதென்று ஐந்தருவிக்குப் போனார்கள். நான் ஈரத் துணிமூட்டையோடு பஸ் நிற்கிற இடத்தில் இருந்தேன். நாங்க வர நேரமானா நீ முந்தி வர்ற பஸ்ஸில் வீட்டுக்குப் போ என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்த சாரல் நின்று, திடீரென்று சுள்ளென்று வெயில் அடித்தது. பக்கத்துக் கடையின் ஓலைச் சார்ப்புக்குக் கீழே ஒதுங்கினேன்.

எதிர்ப்பக்கம் மரத்தடியில் குடையும் அந்தப் பழைய தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக அத்தான் நின்றார். வலது காதின் மேல்நுனி இல்லை. முகம் அப்படியே பால் வெள்ளை. ஒரு புள்ளிகூட நிறம் ஏறவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒன்பது வருஷமாக இந்த மனிதர் நிழலிலேயே இருந்திருக்கிறார்.

இடையில் ரோடு ஒன்றுதான். அவருக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, கல்யாணமான பெண், நாலு பேர் நிற்கிற இடம். தாண்டிப் போய்ப் பேசவும் காரணம் இல்லை.

மூட்டையைக் கீழே வைத்துவிட்டு சார்ப்பு நிழலைவிட்டு வெளியே வந்தேன். ரோட்டோரத்தில் நல்ல வெயிலில் போய் நின்றுகொண்டு, கடைக்காரரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

"அண்ணாச்சி, புளியங்குடி பஸ் எப்ப வரும்?"

எதிரே தொப்பி நிமிர்ந்தது. குரல் வந்த பக்கம் திரும்பி, கையை நெற்றிக்குமேல் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெயில் வெள்ளையில் ஏதோ ஒரு சேலை தெரிந்திருக்கும். மறுகணம் குடையைத் தூக்கிக்கொண்டு, வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். குடையை என் தலைக்குமேல் பிடித்தார்.

"நான் நிக்கலட்டி வள்ளி. சத்தியமா ஒரு நாள்கூட வெயில்ல நிக்கல. யாரு ஒங்கிட்ட அப்படிச் சொன்னது? நீ எதுக்கு நிக்க?"

"பஸ்ஸுக்கு நிக்கேன் அத்தான்" என்றேன்.

அவர் மூச்சு வாங்கி நின்றார். குடை அவர் பக்கமே இல்லை, முழுக்க என் பக்கம் சாய்ந்திருந்தது. நான் காம்பைப் பிடித்து நடுவுக்கு இழுத்துவைத்தேன். புளியங்குடி பஸ் வந்து, நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. பலகை எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது, அது எந்த ஊர்ப் பஸ் என்று கேட்டார்.

"மதுரை பஸ்ஸு" என்றேன். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.